போற வாசம், வாற வாசம்

அந்தச் சென்ட் போத்தல் எனக்காக வந்ததல்ல, பிள்ளைக்காக வந்தது. அப்போது பிள்ளை தவழத் தொடங்கியிருக்கவில்லை. பிடித்து இருத்தினால் இருப்பாள், கையை விட்டால் ஒரு பக்கமாகச் சரிவாள். அந்த வயதுப் பிள்ளைக்கு யார் சென்ட் அனுப்புவார்கள்? என் கணவர் அனுப்பினார்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கையோடு அவர் கட்டாருக்குத் திரும்பிப் போயிருந்தார். அங்கே ஒரு ஹோட்டலில் மின்சார வேலை. அவருடைய அறையில் இருக்கும் ஒருவர் லீவில் ஊருக்குப் போய், லீவு முடிய முன்பே திரும்பி வந்துவிட்டாராம். அவருடைய மகன் அவரைக் கண்டதும் அலறினானாம். முதல் நாள் மட்டும் என்றால் பரவாயில்லை. நிற்கிற நாளெல்லாம் அலறியிருக்கிறான். தகப்பன் உள்ளே படுத்தால் பிள்ளை நித்திரை கொள்ளாது என்று அந்த மனிதர் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். கடைசியில் ஒரு நாள் பிள்ளை அவரை "மாமா" என்று கூப்பிட்டானாம். அந்த அளவிலாவது கூப்பிட்டானே என்று அவர் சந்தோசப்பட்டாராம். என் கணவர் இந்தக் கதையைப் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நம்மட புள்ளையும் அப்பிடிச் செஞ்சா நான் என்ன செய்ற?" என்று கேட்டார்.

செய்யமாட்டாள் என்று சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பயம் என்னுடையதாகிவிட்டது. கேட்ட அவர் வேலைக்குப் போய்விட்டார். அதைச் சுமந்துகொண்டு நான் வீட்டில் இருந்தேன். சோறு வடிக்கும்போதும், பிள்ளையின் துணி அலசும்போதும், விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் ஒரு மனிதர் என் கண்ணுக்குள் வந்தார். சில நேரம் அவருக்கு என் கணவரின் முதுகு இருந்தது.

முகம் போனில் பழகிவிடும், குரலும் பழகிவிடும், தூக்கும்போது வருகிற மணம் மட்டும் பழகாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் தான் பூசுகிற அதே சென்டில் இன்னொரு போத்தல் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நான் அதைப் பூச வேண்டும், பிள்ளைக்கு அந்த வாசம் பழக வேண்டும், அவர் வந்து தூக்கும்போது தெரிந்த ஆள் தூக்கியதுபோல இருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

நான் பழுகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீடு பெரியகல்லாற்றில். பிரசவ லீவு முடிந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கவில்லை. என் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகத் திருகோணமலைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக மச்சாள் வந்து நின்றார். மச்சாள் என் கணவரின் அக்கா, பழுகாமத்துக்காரி. நான் அவருடைய ஊருக்குப் படிப்பிக்கப் போக, அவர் என் ஊருக்குப் பிள்ளை பார்க்க வந்தார். வாயைத் திறந்தால் பகிடிதான். மச்சாள் முறை என்றால் பகிடி செய்யாமல் இருக்க முடியாது என்பது அவருடைய கொள்கை.

போத்தல் கருந்தேன் நிறத்தில் கனமாக இருந்தது. முதலில் என் புறங்கையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிட் மூக்கைக் குத்தியது. அது பறந்ததும் மிளகும் கறுவாவும் ஏலமும் ஒன்றாகச் சூடேறி எழும்பின. குசினியிலிருந்து மச்சாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன கா, கறிச்சரக்கு வறுக்கிறியா?"

நான் கையை நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு, தன் தம்பி அங்கே கரண்ட் வேலைதான் செய்கிறானா, இல்லாவிட்டால் புரியாணிக் கடையில் நிற்கிறானா என்று கேட்டார்.

தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிவதற்குள் அது மாறத் தொடங்கியது. காரம் பின்னுக்குப் போய் இனிப்பு முன்னுக்கு வந்தது. வெனிலாதான், ஆனால் கேக்குக்கு விடுகிற எசன்ஸ் அல்ல. பாலைக் காய்ச்சி இறக்கி, ஆடை படிகிற நேரத்தில் மேலே ஒரு மணம் நிற்குமே, அதற்குள் கொஞ்சம் சாதிக்காயும் காய்ந்த பலகையும் கலந்தால் எப்படியோ, அப்படி. பின்னேரம் சட்டி பானை கழுவிய பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. மூக்கைத் தோலோடு வைத்து இழுத்தால்தான் தெரிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி பிடிப்போம். அந்தப் புகையில் புகையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்னவோ, அதுதான் கடைசியில் என் கையில் மிஞ்சியிருந்தது. அதை மணந்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதி சரிதானா என்ற யோசனையும் வந்தது.

ஏனென்றால் சின்னப் பிள்ளையின் மூச்சுக்கும் தோலுக்கும் இது கூடுமா என்று தெரியவில்லை. போனில் தேடினேன். ஒன்று ஆபத்து என்றது, ஒன்று பயமில்லை என்றது. இரண்டையும் மாறி மாறி வாசித்தேன். கிளினிக்குக்குப் போனபோது மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேன். பிள்ளையில் பூச வேண்டாம், பால் கொடுக்கிற நெஞ்சில் பூச வேண்டாம், உடுப்பில் கொஞ்சம் படலாம் என்று சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது. கேட்காமல் வந்துவிட்டேன்.

பிறகு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். சாறி உடுத்து முடித்ததும் தோளில் முந்தானை விழுகிற இடத்தில் ஒரே ஒரு தடவை. ஸ்பிரிட் பறக்கும் வரை விறாந்தையில் நிற்பது. அதன் பிறகு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது. பள்ளிக்கூடம் போகிற நாட்களில் மட்டும். வீட்டில் கவுனோடு அடுப்படியில் நிற்கும்போது யார் சென்ட் பூசுவார்கள்? சென்ட் என்பது வெளியே போகும்போது பூசுகிற பொருள். அதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் பால் கொடுத்து, சாறி உடுத்து, தலை இழுத்து, சென்ட் அடித்து, பிள்ளையை வாங்கி இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, "அம்மா வாறன்" என்று சொல்லி மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுப்பேன். பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் சென்ட் இன்னும் காரமாகவே இருக்கும். காற்று அதைப் பின்னால் வருகிறவர்களின் முகத்தில் கொண்டுபோய் அடிக்கிறதோ என்று கூச்சமாக இருக்கும்.

புருசன் வெளிநாட்டில், பெண்சாதி வாசம் பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறாள் என்று யாராவது நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு. யாரும் சொன்னதில்லை. சொல்லாததும் எனக்குக் கேட்டது. காத்தான்குடியிலிருந்து வருகிற ஒரு டீச்சர் எனக்குப் பக்கத்து மேசை. ஒரு நாள் இடைவேளையில் அவர் மூக்கைச் சுருக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டீச்சர், வட்டிலப்பம் கொண்டு வந்திரிக்கீங்களா? இரிந்தா ஒளிக்காம எடுங்க."

ஏலமும் சாதிக்காயும் போட்டு அவிக்கிற அந்த இனிப்பின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் சென்டைக் காற்றில் அடித்துவிட்டு அதற்குள்ளால் நடந்து பார்த்தேன். ஒன்றுமே ஒட்டவில்லை. இப்படிப் பூசினால் பிள்ளைக்கு எப்படிப் பழகும் என்று திரும்பிப் போய் வழக்கம்போல் தோளில் அடித்தேன். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன்.

மத்தியானம் திரும்பி வரும்போது உடம்பில் வியர்வை இருக்கும், கையில் வெண்கட்டித் தூள், தலைமயிரில் வாவிக் காற்றின் உப்பு. தோளில் மட்டும் அந்தக் கடைசி வாசம், பாலாடையும் சாம்பிராணியும் போல, ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டியின் சத்தம் கேட்டதும் பிள்ளை மச்சாளின் இடுப்பிலிருந்து பாய்வாள். முகம் கழுவி வந்து இருந்ததும் முந்தானையைக் கையில் பொத்தி, வாய்க்குள் வைத்து, மூக்கால் தோளைத் தேடி முட்டுவாள். பால் குடித்தபடியே நித்திரையாகிவிடுவாள். நித்திரையிலும் முந்தானை கையில் இருக்கும்.

ஒரு நாள் இரவு அவரிடம், பிள்ளைக்கு உங்கள் வாசம் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அவர் அறையில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

பிள்ளை தவழத் தொடங்கி, கையைத் தூக்கி டாட்டா காட்டப் பழகிய பிறகு காலை நேரங்கள் கெட்டுப்போயின. ஸ்கூட்டியை எடுக்கும்போது அழுதால் விளங்கும். இவள் அதற்கு முன்பே, நான் கண்ணாடிக்கு முன் நிற்கும்போதே அழத் தொடங்கினாள். சாறி உடுத்தும் வரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்து விளையாடுவாள். பிறகு திடீரென்று உதடு பிதுங்கும்.

பல் முளைக்கிறது என்று நினைத்தேன். வாய்க்குள் விரல் விட்டு முரசைத் தடவிப் பார்த்தேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன், பிறகு என் கைதான் குளிரோ என்று கையைத் தேய்த்துவிட்டு மறுபடி தொட்டேன். மச்சாள் நாவூறு என்று முடிவெடுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்கத் தும்மினோம். பிள்ளை மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நாள் காலையில் மறுபடி அழுதாள்.

இந்த நேரத்தில்தான் அவருக்கு லீவு கிடைத்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொன்னார். சந்தோசம் வந்தது. கூடவே அந்த விறாந்தை மனிதரும் வந்தார்.

எதற்கும் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை தோன்றியது. அலுமாரியிலிருந்து அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, காலரில் நன்றாகச் சென்ட் அடித்து, மச்சாளிடம் போடச் சொன்னேன். பிள்ளை நாள் முழுக்க இருப்பது மச்சாளின் இடுப்பில்தான். அவரில் இந்த வாசம் வந்தால் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்றேன். மச்சாள் கவுனுக்கு மேலே சட்டையைக் கொளுவிக்கொண்டு கேட்டார்:

"மீசையும் கீறிக்கொள்ளவா, கா?"

பிள்ளை நிலத்தில் இருந்து கரண்டியால் மூடியில் தட்டிக்கொண்டிருந்தாள். மச்சாள் குனிந்து தூக்கினார். பிள்ளை சிரித்தபடிதான் போனாள். பிறகு காலரின் பக்கம் முகம் போனது. சிரிப்பு நின்றது. மச்சாளை அவள் பார்க்கவேயில்லை. திரும்பி என்னைத் தேடினாள். நான் கவுனோடு, தலை கலைந்து, கையில் விளக்குமாற்றோடு நின்றேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி டாட்டா காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே உதட்டுக்குக் கீழே நாடி நடுங்கியது. அழுகை வந்தது. மச்சாளின் கையிலிருந்து சரிந்து இறங்கித் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன். எத்தனை மாதமாக நான் அவளுக்கு அப்பாவின் வாசத்தைப் பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ அம்மா போகப் போகிற வாசத்தைப் பழகியிருக்கிறாள். பூசினேன், போனேன். பூசினேன், போனேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவர் போனில் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துப் போனைப் பிடித்தேன். அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "அப்பா வாறன் என்ன? அப்பா வாறன்" என்று கொஞ்சினார். பிள்ளை தலையை அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எனக்கு டாட்டா காட்டினாள். அவர் தனக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துத் தானும் கையாட்டினார்.

போன் வைத்த பிறகு மச்சாள் அரிசி கொழித்துக்கொண்டே சொன்னார்:

"அவளில என்ன பிழ? நீ போகக்குள்ள என்ன சொல்றாய்? வாறன் எண்டுதானே. அந்தப் புள்ளைக்கு வாறன் எண்டா போறன்தான்."

நான் பத்து வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். போறன் என்று சொல்லிப் புறப்படக் கூடாது என்பதும், வாறன் என்று சொல்லிப் போவதும் எனக்குச் சோறு தண்ணீர் போன்ற விசயம். அது ஒரு பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று யோசித்ததில்லை. வாசமும் தலைகீழ், வார்த்தையும் தலைகீழ். அவர் அந்தச் சென்டைப் பூசிக்கொண்டு, வாறன் வாறன் என்று கையை நீட்டிக்கொண்டு படலையைத் திறந்து வரப்போகிறார்.

அடுத்த நாட்களில் நான் செய்ததெல்லாம் பதற்றத்தில் செய்தது. காலையில் சென்ட் பூசுவதை நிறுத்தினேன். பின்னேரம் வீட்டில் நிற்கும்போது பூசினேன். பிள்ளை வாசம் வந்ததும் தவழ்ந்து வந்து என் பாதத்தைத் தடவிப் பார்ப்பாள், செருப்பு போட்டிருக்கிறேனா என்று. செருப்பு இல்லாவிட்டாலும் நம்பமாட்டாள். பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். வைத்தால் பிறகு எப்படிப் பழகும் என்று எடுத்தேன். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு விசயம் மட்டும் என் கண்ணில் பட்டது. பூசிச் சில மணித்தியாலம் கழிந்து, காரம் எல்லாம் இறங்கி, தோளில் அந்தப் பால் வாசம் மட்டும் நிற்கும்போது பிள்ளை பயப்படவில்லை. பழையபடி முந்தானையைப் பிடித்தாள், மூக்கால் முட்டினாள். ஒரே சென்ட்தான். ஆனால் காலையில் மிளகும் கறுவாவுமாக எழும்புகிறது ஒன்று, மத்தியானம் நான் திரும்பி வரும்போது மிஞ்சியிருக்கிறது இன்னொன்று. அதை நான் மச்சாளிடம் சுற்றி வளைத்து விளக்கினேன். அவர் ஒரு வரியில் முடித்தார்.

"அப்ப அது போற வாசம், இது வாற வாசம்."

அவருக்கு அது பகிடி. எனக்கு அது வழி. என் கணவர் கொழும்பில் இறங்கியதும் பூசிவிட்டால், பஸ் ஊர் வந்து சேரும் நேரத்தில் வாசம் தணிந்துவிடும். வீட்டுக்கு வரும்போது திரும்பப் பூசாமல் இருந்தால் போதும்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் வாசத்துக்குப் பிள்ளை அழுகிறாள் என்று சொன்னால் அங்கேயே மனது உடைந்துவிடும். அறையில் எல்லோருக்கும் வேறு சொல்லி வைத்திருக்கிறார். அதனால், கொழும்பில் ஒருக்காப் பூசினால் போதும், கூடப் பூசினால் பிள்ளைக்கு மூக்கு அரிக்கும் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். முழுவதையும் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அவர் விமானம் ஏறும் வரை யோசித்தேன். ஏறிய பிறகும் யோசித்தேன்.

அவர் வந்த காலை நான் லீவு போட்டிருந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். வேண்டுமென்றே செருப்புப் போடவில்லை. மணல் சுட்டது. ஓட்டோ வந்து நின்றது. அவர் இறங்கினார். முகம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து, போனில் தெரிவதைவிட உயரமாக இருந்தார். படலையைத் திறந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மிளகும் கறுவாவும் அவருக்கு முன்னால் வந்தன.

இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வந்த உடம்பு. இத்தனை மாதம் கழித்துப் பிள்ளையைத் தூக்கப் போகிறோம், வியர்வை நாற்றத்தோடு தூக்குவதா என்று ஓட்டோவில் வைத்துத் திரும்பப் பூசியிருக்கிறார். பிறகு சொன்னார். யார்தான் பூசமாட்டார்கள்? நான் சொன்ன மூக்கரிப்பு அந்த ஆசைக்கு முன்னால் நிற்கக்கூடிய காரணமா?

"வாங்க, அப்பாட்ட வாங்க" என்று கையை நீட்டினார்.

பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தாள். தெரிந்த முகம். சிரிக்கப் போகிறவள் போல வாய் விரிந்தது. அவர் கிட்ட வந்தார். வாசம் வந்தது. பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி டாட்டா காட்டினாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது, நாடி மட்டும் ஆடியது.

அவருடைய கைகள் நீட்டியபடியே நின்றன.

"என்னையப் போகச் சொல்றாளா?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் இவ்வளவு காலமும் கேட்டதில்லை. விறாந்தையில் பாய் போட்ட மனிதர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றுவிட்டார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு இல்ல. எனக்குத்தான் காட்டுறாள்" என்றேன். "நான் போகப் போறன் எண்டு நினைக்கிறாள்."

அவருக்கு விளங்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாறி, சென்ட், ஸ்கூட்டி, சனிக்கிழமை ஒத்திகை, அவர் சொல்லிக் கொஞ்சிய வாறன். கோர்வையாகச் சொல்லவில்லை. நடுவில் மச்சாள் வந்து தம்பியின் பையை வாங்கி, "முதல்ல உள்ள வாங்க ரெண்டு பேரும், படலைக்க நிண்டு பஞ்சாயத்து வைக்காம" என்று சொல்லிவிட்டு, குளிக்கத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது என்றார். தூரப் பயணம் வந்தவர் முதலில் குளிப்பதுதான் முறை.

"குளிக்க வேணாம்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே நிச்சயமில்லை. கழுவினால் எல்லாம் போய்விடும். அப்போது பிள்ளைக்கு அவர் வெறும் சவர்க்கார மணமுள்ள ஒரு புது ஆள். விட்டால் அது தானாகத் தணியும். ஆனால் தணியும் வரை பிள்ளை எப்படி இருப்பாள்? இவர் எப்படி இருப்பார்? "கொஞ்சம் பொறுத்துக் குளிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர், சரி புள்ள என்றார்.

அன்று காலை முழுக்க அவர் மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்தார், நாங்கள் மறுமூலையில். நான் அசைந்தால் பிள்ளை என் பாதத்தைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க எழும்பவும் யோசித்தேன். அவர் பிள்ளையைப் பார்க்காததுபோல பையிலிருந்து விளையாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். பிள்ளை ஒன்றையும் தொடவில்லை. பயணக் களைப்பு அவரை வென்றது. ஃபேனுக்குக் கீழே பாயில் சரிந்து, சட்டையும் கழற்றாமல் நித்திரையாகிவிட்டார். அவர் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா இவர் இவ்வளவு தூரம் வந்தார் என்று இருந்தது.

மத்தியானச் சோறு ஆகிற நேரம். எனக்கு உட்கார்ந்தபடியே கண் செருகியிருக்க வேண்டும். திடுக்கிட்டுப் பார்த்தபோது பிள்ளை மடியில் இல்லை. பாயின் ஓரத்தில் இருந்தாள். அவருடைய தோளில் ஒரு கை. குனிந்து காலரைக் கையில் பொத்தி, வாய்க்குள் வைத்தாள். பிறகு மூக்கால் தேடினாள். கழுத்தில் முட்டினாள், தோளில் முட்டினாள். நான் திரும்பி வந்ததும் என்னிடம் செய்வதை அப்படியே செய்தாள். கடைசியில் சட்டைப் பொத்தானைக் கண்டுபிடித்து அதில் வாயை வைத்தாள்.

அவர் கண் விழித்துவிட்டார். அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். கண்ணால் மட்டும் என்னைத் தேடி, என்ன செய்ற என்று கேட்டார். அசைய வேண்டாம் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். குசினி வாசலில் அகப்பையோடு மச்சாள் நின்றார்.

"தம்பி, புள்ள பால் கேட்கிறாள். இரிக்கா உன்னட்ட?"

அவர் சிரிக்க, நெஞ்சு குலுங்க, பிள்ளை பொத்தானை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அழப் போகிறாளோ என்று நான் அரை எழும்பினேன். அழவில்லை. திரும்பவும் தலையை அவருடைய தோளில் வைத்தாள். நான் எழும்பியபடியே நின்றேன். இருப்பதா, கிட்டப் போவதா என்று தெரியவில்லை.

அது வாசத்தாலா, முகத்தாலா, காலை முழுக்க அவர் சும்மா இருந்ததாலா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு. குளிக்கவிட்டிருந்தாலும் வந்திருப்பாளோ? அவர் அதெல்லாம் கேட்பதில்லை. காலையில் எழும்பியதும் சென்டைப் பூசிக்கொண்டு, காரம் தணியும் வரை முற்றத்தில் நின்று, பிறகு பிள்ளையைத் தூக்குகிறார். நான் இப்போது ஒன்றும் பூசாமல் பள்ளிக்கூடம் போகிறேன். வட்டிலப்பம் எங்கே என்று பக்கத்து மேசை டீச்சர் கேட்கிறார். திரும்பி வரும்போது பிள்ளை அவருடைய இடுப்பிலிருந்து என்னைப் பார்க்கிறாள். சில நாள் என்னிடம் பாய்கிறாள். சில நாள் பாய்வதில்லை. பாயாத நாளில் நான் சந்தோசப்பட வேண்டும். படுகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

லீவு முடியப் போகிறது. பை அலுமாரிக்கு மேலிருந்து கீழே வந்துவிட்டது. நேற்றுக் காலை அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று போத்தலை எடுத்தபோது, பல நாளாக நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"போற அண்டைக்கு மட்டும் இதப் பூச வேணாம்."

கையில் போத்தலோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாசத்தைப் போற வாசமாக அவருக்கும் ஆக்கிவிடக் கூடாது என்பது விளங்கியிருக்க வேண்டும்.

"அப்ப என்ன சொல்லிட்டுப் போற? வாறன் எண்டு சொல்லலாமா?"

குசினியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"போறன் எண்டு மட்டும் சொல்லிப் பாரு, மறுகா இரிக்கு உனக்கு."

அவர் சென்டை அடித்தார். மிளகும் கறுவாவும் எழும்பின. கட்டில் காலடியில் இருந்த பிள்ளை தலையைத் தூக்கினாள். நான் சாறியோடு, தோளில் பையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைக் கடந்து போனாள். தவழ்ந்து போய் அவருடைய பாதத்தைத் தடவிப் பார்த்தாள். செருப்பு இல்லை. அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.